பிள்ளையின் கைக்கு அடியில் உங்கள் கை

தட்டில் இட்லி வைத்தாயிற்று. பிள்ளைக்குக் கண்ணும் சரியாகத் தெரியாது, காதும் கேட்காது. சாப்பிட வைக்க வேண்டும். சேலத்தில் அம்மாபேட்டையோ, கொண்டலாம்பட்டியோ, எந்த வீட்டுக்குப் போனாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான்: பெரியவர் ஒருவர் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தட்டில் வைப்பார். சூடா, பிசுபிசுப்பா, சட்னியா, சாம்பாரா என்று ஒன்றும் முன்கூட்டித் தெரியாமல் கை போய் அதில் விழும். பிள்ளை வெடுக்கென்று கையை உருவிக்கொள்ளும். இரண்டு வாரம் இப்படிப் போனால் எதைத் தொடச் சொன்னாலும் விரல்களை மடக்கி மூடிக்கொள்ளும். "இவனுக்கு எதைத் தொட்டாலும் ஆகாதுங்க டீச்சர்" என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் கூச்சம் பெரும்பாலும் பிறவியில் வந்ததில்லை. நாம் பழக்கிவிட்டது.

பார்வையும் கேட்கும் திறனும் சேர்ந்து குறைந்த பிள்ளைக்குக் கைதான் கண், கைதான் காது, பிறகு ஒருநாள் பேசப்போகும் வாயும் அதுதான். நம் தலையை யாராவது பின்னாலிருந்து பிடித்துத் திருப்பி, இமையை விரலால் திறந்து "பார், பார்" என்றால் எப்படி இருக்கும்? மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது அந்தப் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும். இந்தத் துறையில் பயிற்சி பெற்ற யாரிடம் கேட்டாலும் முதல் நாள் சொல்லித்தருவது, பிள்ளையின் கைக்கு மேலே உங்கள் கையை வைக்காதீர்கள், அடியில் வையுங்கள் என்பதைத்தான். கேட்க எளிதாக இருக்கும். பழக்கத்துக்கு வர மாதக்கணக்காகும், அதுவும் பிள்ளைக்கு இல்லை, பெரியவர்களுக்கு.

அதே இட்லியை வைத்துச் செய்முறையைச் சொல்கிறோம். பிள்ளைக்குப் பின்னாலோ, ஒட்டிப் பக்கத்திலோ உட்காருங்கள். அப்போதுதான் உங்கள் கை போகும் திசையும் பிள்ளையின் கை போகும் திசையும் ஒன்றாக இருக்கும். எதிரே உட்கார்ந்தால் எல்லாம் தலைகீழாகப் போகும். முதலில் தோளைத் தொட்டு நில்லுங்கள். நீங்கள் வந்திருப்பது அதற்குத் தெரியட்டும். அங்கிருந்து கையை எடுக்காமல் முழங்கை வழியாகப் புறங்கைக்கு மெதுவாக வாருங்கள். பிறகு உங்கள் கையைப் பிள்ளையின் உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து வையுங்கள். அதன் விரல்கள் உங்கள் விரல் முட்டிகள்மேல் சும்மா கிடக்க வேண்டும். இப்போது நீங்கள் இட்லியைப் பிய்க்கிறீர்கள், சட்னியில் தோய்க்கிறீர்கள், வாய்க்குக் கொண்டுபோகிறீர்கள். பிள்ளையின் கை அதன்மேல் சவாரி செய்துகொண்டு எல்லாவற்றையும் கவனிக்கிறது. பிய்க்கும்போது நரம்பு இறுகுவது, தோய்க்கும்போது கை தாழ்வது, ஒவ்வொன்றும் அதற்குத் தகவல். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் கையை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டால் துரத்தாதீர்கள். உங்கள் கையை அருகிலேயே விரித்து வைத்துக் காத்திருங்கள். திரும்ப வரும்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு கட்டைவிரலில் இருக்கிறது. கை அடியில்தான் இருக்கும், ஆனால் நம்மை அறியாமல் கட்டைவிரல் மட்டும் மேலே ஏறிப் பிள்ளையின் கையைப் பூட்டிவிடும். பூட்டிய கையும் பிடித்த கையும் ஒன்றுதான். கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு சேர்த்து ஒட்டி வைத்துப் பழகுங்கள். கல் வைத்த மோதிரத்தைக் கழற்றுங்கள், நகத்தை வெட்டுங்கள். ஏற்காட்டு மலையில் காலை நேரமென்றால் முதலில் உங்கள் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சில்லென்ற கை வந்து தொட்டால் எந்தக் குழந்தையும் சுருண்டுகொள்ளும்.

சில வாரங்களில் பிள்ளையின் விரல் நுனிகள் உங்கள் விரல்களைத் தாண்டி எட்டிப்பார்க்கும். இட்லியைத் தானாகத் தொடும். அந்த நேரத்தில் உங்கள் விரல் நுனிகளை ஓர் அங்குலம் பின்னுக்கு இழுங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம். அடுத்த கட்டத்தில் மணிக்கட்டுக்கு அடியில் தாங்குவது, பிறகு முழங்கைக்கு அடியில், பிறகு தோளில் ஒரு தொடுகை மட்டும். இந்த இறக்கம் ஒரு பிள்ளைக்கு ஆறு வாரத்தில் நடக்கும், இன்னொரு பிள்ளைக்கு ஒரு வருடம் ஆகும். அவசரப்பட்டு இரண்டு படியை ஒன்றாக இறங்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

அடுத்தது காத்திருப்பது. பார்த்தும் கேட்டும் வளரும் குழந்தைக்கு ஒரு செய்தி ஒரு நொடியில் போய்ச் சேரும். தொட்டுத் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அது துண்டு துண்டாகத்தான் சேரும். துண்டுகளை ஒட்டி, புரிந்து, பதில் செய்ய நேரம் வேண்டும். ஒரு சைகையோ பொருளோ கொடுத்த பிறகு மனசுக்குள் பத்து எண்ணுங்கள், சில பிள்ளைகளுக்குப் பதினைந்து, இருபது. நாம் நான்கு எண்ணுவதற்குள் பொறுமை இழந்து திரும்பச் செய்துவிடுகிறோம். பாதி வழியில் இருந்த பிள்ளை மறுபடி தொடக்கத்துக்குப் போகிறது.

இதைப் பழக நல்ல இடம் தூளி அல்லது ஊஞ்சல். பிள்ளையை மடியில் வைத்து ஆடுங்கள், சட்டென்று நிறுத்துங்கள், காத்திருங்கள். உடம்பில் எங்காவது ஓர் அசைவு வரும். கால் கட்டைவிரல் உதைக்கும், தோள் முன்னால் சாயும், மூச்சின் வேகம் மாறும். அதுதான் "இன்னும்" என்ற சொல். உடனே ஆட்டுங்கள். அடுத்த முறை அதே அசைவு இன்னும் தெளிவாக வரும். நெதர்லாந்தில் யான் வான் டைக் என்ற கல்வியாளர், தாய்க்குக் கர்ப்பத்தில் வந்த ருபெல்லா எனும் ஜெர்மன் தட்டம்மையால் பார்வையும் கேட்டலும் இழந்த குழந்தைகளோடு வேலை செய்து, உடம்பின் அசைவையே உரையாடலின் தொடக்கமாக எடுக்கும் இந்த முறையை வகுத்தார். அதற்கு மேலைநாட்டுக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பழைய சேலையும் உத்தரமும் போதும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இந்தப் பிள்ளைகள் முழு இருட்டிலும் முழு நிசப்தத்திலும் இருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஏதோ கொஞ்சம் பார்வையோ கொஞ்சம் கேட்டலோ மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் எங்கே, எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில் வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது பாடத்தில் பாதி. மருத்துவமனைச் சீட்டில் இருக்கும் எண் அதைச் சொல்லாது. வீட்டில்தான் தெரியும். பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் வெள்ளை இட்லி வைத்தால் தடவித் தேடும் பிள்ளை, வாழை இலையில் வைத்தால் நேராகக் கையை நீட்டுகிறதா? அப்படியென்றால் நிற வேறுபாட்டை அது பார்க்கிறது. நாளையிலிருந்து அடர்ந்த நிறத்தில் பளபளப்பில்லாத பிளாஸ்டிக் தட்டு. சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் கறுத்த நிழலாகத்தான் தெரியும், இடம் மாறி உட்காருங்கள். கட்டம் போட்ட சட்டை, பூப்போட்ட சேலைக்கு முன்னால் கைச்சைகை கரைந்துபோகும். பாட நேரத்துக்கு என்று ஒரே நிறத்தில் உடுத்திக்கொள்வது நல்லது.

தூரம் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. பார்வைக் கூர்மை குறைந்த பிள்ளைக்கு அருகில் போக வேண்டும். பார்வை வட்டம் சுருங்கிப்போன பிள்ளைக்கு, அதாவது குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரியும் பிள்ளைக்கு, அருகில் போனால் உங்கள் மூக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, முகத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் சின்ன இடத்தில் சைகை செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து என்று நினைத்து "கிட்டப்போய்க் காட்டுங்க" என்று சொல்லிக்கொடுப்பது பல வீடுகளில் வேலையைக் கெடுத்திருக்கிறது.

காது மெஷின் பற்றி மலைமேல் இருக்கும் குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் காதுக்குள் பொருத்தும் அச்சிலிருந்து மெஷினுக்குப் போகும் மெல்லிய குழாயில் ஈரம் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். ஒரே ஒரு துளி குழாயை அடைத்தால் போதும், மெஷின் வேலை செய்யும், சத்தம் மட்டும் உள்ளே போகாது. பிள்ளை "கேட்கவில்லை" என்று சொல்லாது, மெஷினைப் பிடுங்கிப் போடும், நாம் அடம் என்போம். தினமும் காலையில் அச்சைக் கழற்றி, அதற்கென்று விற்கும் சின்ன ரப்பர் பல்பால் குழாயில் காற்று ஊதுங்கள். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து வைத்து, சிலிக்கா ஜெல் போட்ட, இறுக்கமாக மூடும் டப்பாவில் மெஷினைப் போடுங்கள். அரிசியில் புதைத்து வைக்கிறார்கள் சிலர். அரிசித் தூசி மைக்கின் துளையை அடைக்கும், வேண்டாம்.

பேட்டரி ஜிங்க்-ஏர் வகை. மேலே ஒட்டியிருக்கும் தாளின் நிறம்தான் அளவு: மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. தாளை உரித்த உடனே மெஷினில் போடக் கூடாது. காற்று உள்ளே போய் வேலை தொடங்க ஓரிரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட வேண்டும். குளிரில் இந்தப் பேட்டரி சோர்ந்துபோகும், ஆகவே மாற்றுப் பேட்டரியைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வையுங்கள். மெஷின் விசில் அடித்தால் காது அச்சு தளர்ந்துவிட்டது அல்லது காதில் அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று பொருள். வளரும் குழந்தைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை அச்சு புதிதாக எடுக்க வேண்டும்.

காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கருவுற்ற முதல் மூன்று நான்கு மாதங்களில் தாய்க்கு ருபெல்லா வந்தால் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு மூன்றும் சேர்ந்து வரலாம். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மீசில்ஸ்-ருபெல்லா ஊசி போடப்பட்டது. இப்போது 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. இரண்டையும் தவற விடாதீர்கள். குறைமாதத்தில், 34 வாரத்துக்கு முன்னாலோ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். அந்தக் குழந்தைகளுக்குக் காதில் ஓ.ஏ.இ. (உட்காது பதில் தருகிறதா என்று பார்ப்பது) மட்டும் போதாது, பெரா பரிசோதனையும் (ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது) வேண்டும். காது நரம்பில் கோளாறு இருந்தாலும் ஓ.ஏ.இ. சரியாக வந்துவிடலாம். மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்ட குழந்தைக்குக் கண், காது இரண்டையும் உடனே பார்க்க வேண்டும்.

காது கேளாமையோடு பிறந்து, பிறகு பார்வையும் குறைந்துகொண்டே போகும் அஷர் சின்ட்ரோம் என்ற பரம்பரை நோய் பற்றி மட்டும் நிதானமாகப் பேச வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணு மாற்றமடைந்து வந்தால்தான் இது வரும். மாமனைக் கட்டுவதும் அத்தை மகளைக் கட்டுவதும் வழக்கமாக இருக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுதல். பிள்ளை காது கேளாமல் பிறக்கும். காது கேளாதோர் பள்ளியில் நன்றாகப் படிக்கும், சைகையில் வாயடிக்கும். பத்து, பன்னிரண்டு வயதில் சாயங்காலம் ஆனால் விளையாட்டை நிறுத்திவிடும். தியேட்டருக்குள் நுழைந்ததும் யார் கையையாவது பிடித்துக்கொள்ளும். வாசலில் கிடக்கும் குடத்தில் இடறும். பக்கத்தில் இருப்பவர் இடுப்புக்குக் கீழே சைகை செய்தால் கவனிக்காது. "கொழுப்பு, பார்த்து நடக்கத் தெரியாதா" என்று திட்டு விழும். விழித்திரையின் ஓரம் கருகிக்கொண்டே வருவதை யாரும் சந்தேகப்படுவதில்லை, ஏனென்றால் பகலில் கரும்பலகையில் இருப்பதைப் பளிச்சென்று படித்துவிடும். முதல் வகை அஷரில் உடம்பின் சமநிலை உறுப்பும் வேலை செய்யாது. அப்பிள்ளைகள் நடக்கவே ஒன்றரை வயது தாண்டும்.

காது கேளாத பிள்ளை தாமதமாக நடந்திருந்தாலோ, இருட்டில் தடுமாறினாலோ, விழித்திரை மருத்துவரிடம் காட்டிப் பார்வை வட்டத்தையும் ஈ.ஆர்.ஜி.யையும் (விழித்திரையின் மின்துடிப்பை அளக்கும் சோதனை) பார்க்கச் சொல்லுங்கள். நோய்க்குப் பெயர் வைத்துவிட்டால் என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறார்கள். நிறைய ஆகும். பார்வை இருக்கும்போதே, விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயில் தொடங்கலாம். வெண்கோல் பிடிக்கப் பழக்கலாம். தெரிந்த சைகைகளையே தொட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கத்தைச் சாயங்கால விளையாட்டாகச் சேர்க்கலாம். பார்வை போன பிறகு தொடங்கினால் துக்கத்தோடு சேர்த்துப் பாடத்தையும் சுமக்க வேண்டும்.

சரி, பாடத்துக்குத் திரும்புவோம். யார் வந்திருக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் வையுங்கள். அம்மாவுக்குக் கழுத்துத் தாலிக்கொடி, அப்பாவுக்கு வாட்ச், அம்மாயிக்குக் காதுக் கம்மல், அக்காவுக்குக் கொலுசு. சேலத்து வீட்டில் கொலுசுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அக்கா, சித்தி, பக்கத்து வீட்டுப் பெண் மூன்று பேரும் ஒரே மாதிரிக் கொலுசு போட்டிருந்தால் அது அடையாளம் ஆகாது, வேறொன்றைத் தேடுங்கள். வரும்போதெல்லாம் முதலில் தோளைத் தொட்டு, அடையாளத்தைத் தொடக் கொடுத்து, பிறகுதான் மற்றது. வாட்ச் கட்டாத நாளில் அப்பாவும் அந்நியர்தான்.

அடுத்து, என்ன நடக்கப்போகிறது என்று சொல்வது. இதற்குப் பொருள் குறிப்பு என்று பெயர். குளிக்கப் போகுமுன் துண்டின் ஒரு துணுக்கு, சாப்பாட்டுக்கு அதன் ஸ்பூன், வெளியே போகச் செருப்பு, தூங்க அதன் போர்வையில் ஒரு துண்டு. இங்கேதான் பெரிய தப்பு ஒன்று நடக்கிறது: பஸ்ஸில் போகிறோம் என்று சொல்ல பொம்மைப் பஸ்ஸைக் கையில் கொடுக்கிறார்கள். பொம்மைப் பஸ் கண்ணுக்குத்தான் பஸ். விரலுக்கு அது நான்கு சின்னச் சக்கரமுள்ள ஒரு பிளாஸ்டிக் கட்டி. பிள்ளைக்குத் தெரிந்த பஸ் என்பது வழவழப்பான ரெக்சின் சீட், கையில் சில்லென்று படும் கம்பி, காலடியில் வரும் அதிர்வு. ஒரு கைப்பிடி ரெக்சினை ஒரு சாண் குழாயில் சுற்றிக் கொடுங்கள், பஸ் என்று புரியும். அதேபோல் தறி வீட்டுப் பிள்ளைக்குத் தறி ஓடும் அறை என்றால் ஊடு நூல் ஓட்டும் நாடா, காபித் தோட்டத்து வீட்டுப் பிள்ளைக்கு அப்பா வேலைக்குக் கிளம்புகிறார் என்றால் கூடையின் பிரம்புத் துண்டு. அந்தந்தப் பிள்ளையின் கை எதைத் தொட்டு அறிந்ததோ அதைக் கொடுங்கள்.

பொருளைச் செயல் தொடங்கும் நிமிடத்தில் கொடுக்க வேண்டும். அரை மணி முன்னால் கொடுத்தால் இரண்டும் சேராது. பிள்ளையே அதை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கு வரட்டும். முடிந்ததும் "முடிந்தது" கூடையில் அதுவே போடட்டும். ஒரே பொருளில் தொடங்குங்கள். அதைத் தொட்டதும் முகமோ உடம்போ மாறுகிறது என்றால் புரிந்துவிட்டது, இரண்டாவதைச் சேர்க்கலாம். நான்கைந்து பொருள் பழகிய பிறகு அட்டைப் பெட்டியில் தடுப்பு வைத்து, இடமிருந்து வலமாக அன்றைய நாளின் வரிசையில் வைத்தால் அதுதான் நாட்காட்டிப் பெட்டி. பிள்ளை முதல் அறையைத் தடவும், காலி என்றால் முடிந்தது, அடுத்ததைத் தடவும். நாள் என்பது ஒரு வரிசை என்று முதன்முதலாக அங்கே தெரிகிறது. பெட்டி வைத்த இடத்தை மாற்றாதீர்கள். தம்பி எடுத்து விளையாடாமல் பாருங்கள். ஒரு நாள் பஸ் பொருளைக் கொடுத்துவிட்டு ஊசி போட அழைத்துப் போனால், அந்தப் பொருள்மேல் இருந்த நம்பிக்கை திரும்ப வரப் பல வாரங்கள் ஆகும். ஆஸ்பத்திரிக்கென்று தனிப் பொருள் வைத்து, ஊசியாக இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

பொருளிலிருந்து சைகைக்கும், சைகையிலிருந்து எழுத்துக்கும் போவது எல்லாப் பிள்ளைக்கும் நடக்காது. நடக்கும் பிள்ளைக்குத் தடை போடவும் கூடாது. ஆங்கில எழுத்து தெரிந்தவர்களுக்கு இந்தியச் சைகை மொழியின் இருகை எழுத்துகள் மிகவும் வசதி. உயிரெழுத்து ஐந்தும் ஐந்து விரல் நுனிகளில் இருக்கின்றன: கட்டைவிரலில் ஏ, ஆள்காட்டியில் ஈ, நடுவிரலில் ஐ, மோதிர விரலில் ஓ, சுண்டுவிரலில் யூ. உங்கள் கையில் காட்டுவதற்குப் பதில் அவர் கையிலேயே தொட்டால் போதும். தமிழ் படித்த பெரியவர் பிற்காலத்தில் பார்வையும் கேட்டலும் இழந்தால் உள்ளங்கையில் எழுதலாம். எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதாதீர்கள். உள்ளங்கை நிறைய ஒரு எழுத்து, ஒரு நிறுத்தம், அதே இடத்தில் அடுத்த எழுத்து. தப்பாகிவிட்டால் உள்ளங்கையை ஒருமுறை துடைத்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். துணைக்காலும் 'ர'வும் கையில் ஒன்றுபோலவே விழும். ஆகவே 'கா' என்றால் நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எழுதி முடிக்க வேண்டும். 'ன'வும் 'ண'வும் குழப்பும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தச் சொல் என்று இடத்தை வைத்து அவரே பிடித்துக்கொள்வார்.

பிரெயிலில் தமிழ் நம் எழுத்தைவிட நேராக ஓடும் என்பது பலருக்குத் தெரியாது. அச்சில் 'கொ' என்றால் ஒற்றைக் கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால். பிரெயிலில் முதலில் க, அடுத்து ஒ, அவ்வளவுதான், வாயில் வரும் வரிசையில். ஆறு புள்ளிகளில் இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. 'கொலுசு' என்று எழுதினால் க 1-3, ஒ 1-3-4-6, ல 1-2-3, உ 1-3-6, ச 1-4, உ 1-3-6. புள்ளி வைத்த மெய் என்றால் எழுத்துக்கு முன்னால் தனியாக 4ஆம் புள்ளி. 'அம்மா' என்பது அ 1, பிறகு 4, ம 1-3-4, மறுபடி ம, ஆ 3-4-5. வீட்டில் பல்லாங்குழி இருந்தால் நெட்டாகத் திருப்பி வைத்து மேலே மூன்று வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு குழி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு புளியங்கொட்டை. புள்ளியின் இடம் மனசில் பதிய அதைவிட மலிவான கருவி கிடையாது. பிரெயில் ஸ்லேட்டில் (தாளைப் பிடிக்கும் குழிச்சட்டம்) ஸ்டைலஸால் (குத்தூசி) எழுதும்போது வலமிருந்து இடமாக, கண்ணாடிப் பிம்பமாகக் குத்த வேண்டும் என்பதால் தொடக்கத்திலேயே ஸ்லேட் கொடுத்தால் பிள்ளை குழம்பும். படிக்க வந்த பிறகு கொடுங்கள்.

அதற்கு முன்னால் விரல் நுனி தயாராக வேண்டும். சேலத்தில் இதற்கு ஜவ்வரிசியைவிட நல்ல பொருள் வேண்டுமா? முதலில் புளியங்கொட்டையையும் அரிசியையும் பிரிக்கப் பழக்குங்கள். அது வந்தபின் பெரிய ஜவ்வரிசி, சின்ன ஜவ்வரிசி. கடைசியில் மாவு ஜவ்வரிசியையும் வழவழப்பான நைலான் ஜவ்வரிசியையும் ஒரே அளவில் கலந்து கொடுங்கள், வேறுபாடு தோலில் மட்டும்தான் இருக்கும். கையில் கிடைத்ததை வாயிலோ மூக்கிலோ போடும் பிள்ளையென்றால் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு நிமிடம்கூட எழுந்து போகக் கூடாது. மலையில் காலைக் குளிரில் விரல் மரத்திருக்கும்போது பிரெயில் பாடம் வேண்டாம். வெந்நீரில் கை கழுவி, வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள்.

கையைக் கடிப்பது, தலையில் அடித்துக்கொள்வது, கண்ணை அழுத்துவது எல்லாம் இருக்கும். அடிக்கும் கையைப் பிடித்துக் கட்டுவதற்கு முன்னால் வலி இருக்கிறதா என்று பாருங்கள்: காதில் சீழ், அச்சு உரசிப் புண், சொத்தைப் பல், மலச்சிக்கல், கண்ணில் அழுத்தம் கூடியிருப்பது. இவை எதுவும் இல்லையென்றால், அந்த நேரத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் நாம் என்ன செய்தோம் என்று தேட வேண்டும். முக்கால்வாசி நேரம் பதில் அங்கே கிடைக்கும்.

வெளியே நடக்க, பிள்ளை உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வர வேண்டும். நீங்கள் அதைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. படி வந்தால் நின்று, ஒரு நொடி விட்டு, நீங்கள் முதலில் ஏறுங்கள். ஏற்காடு பக்கத்து வீடுகளில் சரிவும் ஒழுங்கில்லாத கல்படியும் சாதாரணம். சமநிலை உறுப்பு கெட்ட பிள்ளை வெளிச்சத்தில் கண்ணை வைத்துச் சமாளித்துவிடும், இருட்டிலும் பனியிலும் விழும். வாசலிலிருந்து கழிவறை வரை இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டி, படி தொடங்கும் இடத்தில் ஒரு முடிச்சு, முடியும் இடத்தில் இரண்டு முடிச்சு போடுங்கள். ஒரு மாலை நேர வேலை.

பெரியவர்கள் வைத்திருக்கும் கோலில் வெள்ளையோடு சிவப்புப் பட்டையும் இருந்தால் அவருக்குக் கேட்கவும் செய்யாது என்று பொருள். சேலம் ஐந்து ரோட்டில் நிற்பவர்களில் இதை அறிந்தவர்கள் குறைவு. ஆகவே சட்டைப் பையில் ஓர் அட்டை இருக்கட்டும்: "எனக்குப் பார்வையும் கேட்டலும் இல்லை. சாலையைக் கடக்க உதவ முடியுமென்றால் என் தோளைத் தொடுங்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்." எழுத்து பெரிதாக, மஞ்சளில் கறுப்பாக இருக்க வேண்டும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உதவ வருபவர் கோலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவார்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் விஷயத்தில் கவனம் தேவை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 காது கேளாமையும் பார்வையின்மையும் சேர்ந்த நிலையைப் பல்வகைக் குறைபாட்டின் கீழ் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆனால் முகாமில் ஒரு வரிசையில் நின்று ஒரு குறையை மட்டும் எழுதி வாங்கிவருவது அடிக்கடி நடக்கிறது. இரண்டு துறைப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துப்போய், இரண்டையும் பதியச் சொல்லிக் கேளுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் பள்ளியும் ஒற்றைக் கண்ணோட்டத்தில்தான் அமையும். காது கேளாதோர் பள்ளியில் பாடம் கண் வழியாகப் போகிறது, பார்வையற்றோர் பள்ளியில் காது வழியாகப் போகிறது. இந்தப் பிள்ளை இரண்டிலும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவே. அதற்கு ஒருவருக்கு ஒருவராக உட்காரும் ஆசிரியர் வேண்டும். வட்டார வள மையச் சிறப்பாசிரியர் வீட்டுக்கு வரும் நாளில் வீட்டில் இருப்பவர்கள் வேறு வேலைக்குப் போய்விடாமல் கூடவே உட்காருங்கள். மற்ற நாளெல்லாம் பாடம் நடத்தப்போவது நீங்கள்தான். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய பல்வகைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனத்தில் இந்தத் துறைக்கென்றே பிரிவு இருக்கிறது. ஒருமுறை போய் முழு மதிப்பீடு வாங்கிவந்தால், இங்கே யார் பாடம் நடத்தினாலும் கையில் ஒரு வழிகாட்டி இருக்கும்.

பாடம் முடிந்து கிளம்பும்போது செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. நாம் எழுந்து போவது பிள்ளைக்குத் தெரியாது. தொட்டுக்கொண்டிருந்த கை திடீரென்று இல்லாமல் போகும், இருக்கிறாரா, போய்விட்டாரா என்று காற்றில் தேடும். ஆகவே கையில் இருக்கும் பொருளை "முடிந்தது" கூடையில் போட வையுங்கள். உங்கள் அடையாளத்தை மறுபடி தொடக் கொடுங்கள், போகிறேன் என்ற சைகையைக் கையில் செய்யுங்கள், பத்து எண்ணுங்கள். பிறகு பிள்ளையின் கையை அடியில் தாங்கிக்கொண்டு அம்மாவின் கைக்கோ, சுவருக்கோ, நாற்காலியின் முதுகுக்கோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். அது அங்கே ஊன்றிக்கொண்டதும் உங்கள் கையை மெதுவாகக் கீழே இறக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.